காபரேற்றரில் கைவைக்குமுன்
பழைய மோட்டார் சைக்கிளின் கோளாறை அறிதலும் நம்பத்தக்க கராஜைத் தெரிதலும்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. குத்தகைக்கு எடுத்த காணி ஓரிடம், குடியிருக்கும் வீடு இன்னோரிடம், சந்தை வேறோரிடம் என்று வாழ்க்கை பிரிந்து கிடக்கும்போது இம்மூன்றையும் இணைப்பது அந்த ஒரு வண்டிதான். விடியப்புறம் வெண்டிக்காய் மூட்டையைக் கட்டிவிட்டு உதைக்கும்போது வண்டி ஸ்டார்ட் வராவிட்டால் அன்றைய சந்தை போய்விடும். பிடுங்கிய காய் மறுநாள் அதே விலைக்குப் போகாது.

1990, 1995, 2006 முதல் 2009 வரை என அலை அலையாக ஊரைவிட்டு வந்தோர் இழந்தவை பல. அவற்றுள் ஒன்றைப்பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் பழகிய மெக்கானிக். ஊரில் அவர் நம் தகப்பன் காலத்திலிருந்தே தெரிந்தவர். காசு குறைந்தால் அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வார். பிழையாகச் செய்தால் மறுநாள் சங்கக்கடையில் நம் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். புதிய இடத்தில் இந்தப் பிணைப்பு இல்லை. அவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு அவரைத் தெரியாது. எனவே வண்டியை விட்டுவிட்டு வரும்போதே சந்தேகமும் உடன் வருகிறது.

இச்சந்தேகத்தைத் தீர்க்கச் சிறந்த வழி, கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு நாமே அறிந்துகொண்டு கராஜுக்குப் போவதாகும். அறிந்து பேசுகிறவரை ஏமாற்றுவது கடினம். அவருக்கு நேர்மையாக வேலை செய்துகொடுப்பதும் இலகு. பழைய மோட்டார் சைக்கிள்களில் மிக அடிக்கடி குற்றஞ்சாட்டப்படும் உறுப்பு காபரேற்றர். அதை வைத்தே இப்பாடத்தைக் கற்போம்.

1. காபரேற்றர் செய்யும் வேலை

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் நன்றாக எரியாது. அது காற்றுடன் கலந்து ஆவியாக வேண்டும். நிறையின்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. இக்கலவையைத் தயாரிப்பதே காபரேற்றரின் வேலை.

அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதற்குள் மிதவையும் ஊசி வால்வும் உள்ளன. கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் உருண்டை செய்யும் வேலையும் இதுவே. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, காபரேற்றரின் ஒடுங்கிய பாதையால் அக்காற்று விரைந்து செல்கிறது. அந்த இழுவையால் கிண்ணத்திலுள்ள பெற்றோல் ‘ஜெற்’ எனப்படும் பித்தளைத் துவாரங்களால் மேலேறித் தூவப்படுகிறது.

பொதுவாக ஜெற் இரண்டு. சிறிய ஜெற், அக்சிலேற்றரை முறுக்காமல் மெல்ல ஓடும்போது பெற்றோல் கொடுப்பது. இந்நிலையைக் கராஜில் ‘ஸ்லோ’ என்பர். பெரிய ஜெற், முறுக்கி ஓடும்போது கொடுப்பது. சிறிய ஜெற்றின் துவாரம் பல வண்டிகளில் அரை மில்லிமீற்றரிலும் குறைவு. ஒரு மணல் துகள் அதனை அடைக்கப் போதும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோல் இலகுவில் ஆவியாகாது. அவ்வேளை கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டுவதற்கே ‘சோக்’ உள்ளது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் வண்டி ஓடியவர்கள் இதை அனுபவத்தால் அறிவர். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் எடுப்பர். எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் எரியும். ஏனெனில் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதியளவு ஆவியாகாது. அன்று அது தவிர்க்க முடியாத தேவை. இன்று மிச்சம் பிடிக்கவென்று பெற்றோலுடன் மண்ணெண்ணெய் கலந்தால் பிளக் கரிபிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். மிச்சம் பிடித்ததைவிடச் செலவே கூடும்.

தோட்டத்தில் நீர் இறைக்கும் சிறிய இயந்திரங்களிலும் இதே கிண்ணமும் மிதவையும் ஜெற்றும் உள்ளன. ஆகவே இங்கே கற்பது அங்கும் உதவும்.

2. காபரேற்றரைக் கழற்றுமுன் பார்க்கவேண்டியவை

வண்டி இடறினால் உடனே காபரேற்றரைக் கழற்றுவது பலரின் வழக்கம். ஆனால் காபரேற்றர்க் கோளாறுபோலத் தோன்றும் பல, வேறிடத்தில் இருக்கும். பின்வரும் ஒழுங்கில் பார்க்க. இதற்கு அரை மணி நேரமும் ஒரு பிளக் சாவியும் போதும்.

அ. பெற்றோல் வருகிறதா? காபரேற்றருக்கு வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, ஒரு போத்தலுக்குள் பிடித்துக்கொண்டு தாங்கியின் குழாயைத் திறக்க. தடையின்றி ஓடவேண்டும். துளித்துளியாக வந்தால் தாங்கியின் வடியில் துரு அல்லது அழுக்கு அடைத்துள்ளது. சில வண்டிகளில் எஞ்சின் இழுவையால் மட்டுமே இக்குழாய் திறக்கும். அவற்றில் எஞ்சின் நிற்கும்போது பெற்றோல் வராமை கோளாறன்று. வண்டி ஒன்றிரண்டு கிலோமீற்றர் நன்றாக ஓடி நின்று, சற்று நேரத்தின் பின் மீண்டும் ஓடுமாயின், நின்ற உடனே தாங்கி மூடியைத் திறந்து பார்க்க. ‘உஸ்’ என்ற ஓசையுடன் காற்று உட்சென்று வண்டியும் ஸ்டார்ட் வந்தால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அதைத் துப்புரவாக்கினால் போதும், செலவில்லை.

ஆ. பெற்றோல் நல்லதா? காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடிக்க. தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது. ஆகவே அடியில் முத்து முத்தாக நிற்கும். மாரி காலத்தில் இது மிகச் சாதாரணம். செந்நிறத் தூள் இருந்தால் தாங்கி துருப்பிடித்திருக்கிறது. தாங்கியைக் கழுவாமல் காபரேற்றரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. சந்தேகமான பெற்றோலில் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுக் காயவிடுக. நல்ல பெற்றோல் விரைவில் பறந்துவிடும். எண்ணெய்க் கறை நீண்டநேரம் நின்றால் மண்ணெண்ணெய் கலந்திருக்கக்கூடும்.

மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பழுதாகிப் பிசின் போன்ற படிவை ஜெற்றில் விடும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓடாமல் நின்ற வண்டிகளுக்கு இந்த ஆபத்து இருந்தது. நீண்ட நாட்கள் வண்டியை நிறுத்துவதாயின் தாங்கிக் குழாயை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுக.

இ. தீப்பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் மீண்டும் செருகி, உலோகப் பகுதி எஞ்சினில் முட்டும்படி வைத்து உதைக்க. நீல நிறப் பொறி பலமாகத் தெறிக்கவேண்டும். பிளக் இருந்த துவாரத்தின் அருகில் இதைச் செய்யலாகாது. அங்கிருந்து வரும் பெற்றோல் ஆவி தீப்பற்றும். ரப்பர்ப் பகுதியைப் பிடிப்பதும் உலர்ந்த துணியாலாகட்டும். சூடேறியதும் நின்று ஆறியதும் ஓடும் வண்டியில், நின்ற அக்கணமே பொறியைப் பார்க்கவேண்டும். பொறி இல்லையெனில் குற்றவாளி பெரும்பாலும் கொயில் அல்லது மின்பகுதி, காபரேற்றரன்று.

ஈ. பிளக் என்ன சொல்கிறது? பிளக் எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல நாம் அதைப் பார்க்கலாம்.
மங்கிய மண்ணிறம்: கலவை சரி.
உலர்ந்த கரி: பெற்றோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு.
பெற்றோல் ஈரம்: பெற்றோல் நிரம்பிவிட்டது, அல்லது பொறி இல்லை.
வெள்ளை: பெற்றோல் குறைவு அல்லது எங்கோ காற்று ஒழுக்கு.
ஒயில் பிசுபிசுப்பு: எஞ்சினுக்குள் ஒயில் எரிகிறது. இதற்குக் காபரேற்றர் பொறுப்பல்ல. ஆயினும் பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் பழைய வண்டிகளில் சிறிது ஒயில் தெரிவது வழமை.

உ. காற்று போகிறதா? செம்மண் தெருக்களில் ஓடும் வண்டியின் எயார் பில்ரர் விரைவில் அடைபடும். பஞ்சு வகையாயின் மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து, உலர்த்திச் சிறிது ஒயில் தடவிப் போடலாம். கடதாசி வகையாயின் மெதுவாகத் தட்டித் தூசு போக்கலாம். மிக மோசமாயின் மாற்றவேண்டும். பில்ரர் இல்லாமல் ஓடுவது எஞ்சினுக்குள் மணலைப் போடுவதற்குச் சமம்.

3. காபரேற்றர்தான் என்று எப்படி அறிவது?

மேற்கூறியவை எல்லாம் சரியாக இருந்தால், எந்த வேகத்தில் கோளாறு தோன்றுகிறது என்பதைக் கவனிக்க.

ஸ்லோவில் நிற்பதில்லை, சோக் இழுத்தால் மட்டும் ஓடும், முறுக்கினால் நன்றாக இழுக்கும்: சிறிய ஜெற் அடைப்பு.

ஸ்லோவில் நன்று, பாரத்துடன் முறுக்கும்போது திணறும்: பெரிய ஜெற் அடைப்பு, அல்லது பெற்றோல் போதாமல் வருதல்.

ஸ்லோ கூடியும் குறைந்தும் தானாக மாறும்: காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். வண்டி ஓடும்போது அவ்விடத்தில் சிறிது சவர்க்காரத் தண்ணீர் தெளிக்க. எஞ்சின் ஓசை மாறினால் அங்கே காற்று ஒழுகுகிறது.

கீழ்க்குழாயால் பெற்றோல் வழியும்: ஊசி வால்வில் அழுக்கு அல்லது தேய்வு, அல்லது மிதவை ஓட்டை. இதனை நாட்கணக்கில் விடலாகாது. பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலுடன் கலந்துவிடும். ஒயிலை முகர்ந்து பார்த்தால் பெற்றோல் மணக்கும். அத்தகைய ஒயிலுடன் ஓடினால் எஞ்சின் தேயும்.

கரும்புகை, பெற்றோல் மணம், செலவு அதிகம்: சோக் முழுதாகத் திரும்பவில்லை, பில்ரர் அடைப்பு, அல்லது தேய்ந்த ஜெற்.

சூட்டில் ஸ்டார்ட் எடுப்பது கடினம், உதைக்கும்போது கிக்கரில் பலமில்லை: வால்வு இடைவெளி அல்லது எஞ்சின் அழுத்தம் பார்க்கப்படவேண்டும். கராஜில் இதனை ‘ரப்பட் அடித்தல்’ என்பர். இதற்குப் புதிய காபரேற்றர் வாங்குவது வீண்.

4. நாமே துப்புரவாக்குவதாயின்

ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் இதைச் செய்யலாம். முதலில் பாதுகாப்பு. கிடுகுக் கொட்டிலுக்குள்ளும், அடுப்பு, விளக்கு, பீடி அருகிலும் பெற்றோல் வேலை வேண்டாம். வெளியில், பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திச் செய்க. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றலாகாது. பெற்றோலை வாயால் உறிஞ்சுதல் நுரையீரலுக்குப் பேராபத்து.

வெள்ளைத் துணி விரித்த தட்டில் கழற்றிய ஒழுங்கிலேயே உறுப்புக்களை அடுக்குக. ஸ்லோக் கலவையைச் சரிசெய்யும் சிறு திருகாணியைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைக்க. மீண்டும் பூட்டும்போது முட்டவிட்டு அதே சுற்று வெளியே எடுத்தால் பழைய நிலை வரும். முட்டிய பின்னும் இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

ஜெற்றைப் பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடிக்க. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரியவேண்டும். அடைப்புப் போகாவிடின் தங்கூசி நூலை அல்லது மின்வயரின் ஒற்றைச் செப்புத் தந்தியை விட்டு எடுக்கலாம். குண்டூசியோ உருக்குக் கம்பியோ கூடவே கூடாது. பித்தளை மென்மையானது; துவாரம் மயிரளவு பெருத்தாலும் வண்டி ஆயுள் முழுவதும் பெற்றோல் குடிக்கும். ரப்பர் வளையங்களைத் தின்னரில் போடலாகாது; அவை ஊதிக் கெட்டுவிடும்.

மிதவையின் உயரத்தை வளைத்துச் சரிசெய்வதும், வால்வு இடைவெளி வைப்பதும் அளவுகருவியுடன் செய்யும் வேலைகள். அவற்றை மெக்கானிக்கிடம் விடுவோம்.

5. கராஜில் எப்படிப் பேசுவது?

“காபரேற்றர் பழுது, மாற்றித் தாருங்கள்” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வந்தால் அவர் மாற்றித்தான் தருவார். கோளாறு போகாவிட்டாலும் அவரைக் குறைகூற முடியாது. நாம் கேட்டதை அவர் செய்துவிட்டார். எனவே தீர்ப்பைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லவேண்டும். பின்வரும் உரையாடலைக் கவனிக்க.

கமக்காரப் பெண்: தம்பி, வண்டி ஸ்லோவில நிக்குதில்லை.
மெக்கானிக்: எவ்வளவு நாளா அக்கா?
பெண்: போன கிழமை மழைக்குப் பிறகுதான். சோக்கை இழுத்தா ஓடும், தள்ளிவிட்டவுடன நிண்டிடும். முறுக்கினா நல்லா இழுக்குது.
மெக்கானிக்: பிளக் பாத்தனீங்களோ?
பெண்: ஓம், வெள்ளையாக் கிடக்கு. காபரேற்றருக்குக் கீழ ஸ்குறூவைத் திறந்தன். மூண்டு நாலு துளி தண்ணி வந்தது.
மெக்கானிக்: அப்ப சின்ன ஜெற் அடைச்சிருக்கும். கழுவிப் பாப்பம். சாமான் மாத்த வேண்டி வராது எண்டு நினைக்கிறன்.
பெண்: கழுவ எவ்வளவு எடுப்பீங்கள்? மாத்த வேண்டி வந்தா முதல்ல ஒருக்கா ரெலிபோன் எடுங்கோ. கழட்டின பழைய சாமானையும் வையுங்கோ, நான் வந்து பாக்கிறன்.
மெக்கானிக்: சரியக்கா.

இங்கே சண்டையுமில்லை, கெஞ்சலுமில்லை. எப்போது தொடங்கியது, எந்த நிலையில் வருகிறது, நாம் எதைப் பார்த்தோம் என்ற மூன்றும் சொல்லப்பட்டன. கூலி, அனுமதி, பழைய சாமான் என்ற மூன்றும் கேட்கப்பட்டன. குடும்பத்தைத் தனித்து நடத்தும் பெண்கள் கராஜுக்குப் போகத் தயங்குவதுண்டு. இந்த ஆறு விடயங்களையும் கடதாசியில் எழுதிக்கொண்டு போனால் தயக்கம் பாதி குறையும்.

6. நம்பத்தக்க கராஜின் அடையாளங்கள்

நல்ல மெக்கானிக் ஸ்பனரை எடுக்குமுன் கேள்வி கேட்பார். வண்டியை ஒருமுறை ஓடிப் பார்ப்பார். காபரேற்றரைக் கழற்றுமுன் பிளக்கைக் கழற்றுவார். கழற்றிய சாமான்களைத் தட்டில் வைப்பார், மண்ணில் போடமாட்டார். மாற்றிய பொருளைக் காட்டி, ஏன் மாற்றினேன் என்று சொல்வார். அசல் சாமானா, போலியா என்று கேட்டால் மறைக்கமாட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் மிக நல்லவர்.

பாராமலே “முழுக் காபரேற்றரும் போட வேண்டும்” என்பவர், பழைய சாமானைக் காட்ட மறுப்பவர், ஒரு திருகாணியை மட்டும் திருகிவிட்டுக் காசு கேட்பவர், ஜெற் துவாரத்தைத் துளைத்துப் பெருப்பிப்பவர் ஆகியோரிடம் கவனமாக இருக்கவேண்டும். மலிவான போலிக் காபரேற்றர்களில் ஜெற் அளவு நம் எஞ்சினுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். எனவே பழையது உடைந்தோ தேய்ந்தோ போகாதவரை அதைக் கழுவிப் பாவிப்பதே நன்று. பழையதை வீட்டுக்கு எடுத்து வருக.

புதிய இடத்தில் பெரிய வேலையை முதலில் கொடுக்க வேண்டாம். ஒயில் மாற்றுதல், பிளக் மாற்றுதல் போன்ற சிறு வேலையைக் கொடுத்துப் பார்க்க. சொன்ன நேரத்துக்கும் சொன்ன கூலிக்கும் முடித்தாரா? அப்படியாயின் அடுத்த வேலையையும் அவரிடமே கொடுக்க. நம்பிக்கை ஒரே நாளில் விளையாது. நாற்றுப்போல அது வேர்பிடிக்க நாள் எடுக்கும்.

7. நமது பங்கு

நம்பிக்கை ஒருபக்கத் தராசு அல்ல. கோளாறைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஒரு மணி நேரம் செலவிடுகிறார். மூடியின் துவாரம் அடைத்ததுதான் காரணம் என்று கண்டு ஊசியால் குத்திச் சரிசெய்தால், “இதற்கா காசு?” என்று நாம் கேட்கிறோம். அப்படிக் கேட்டுக் கேட்டே அவரைச் சாமான் விற்று உழைக்கத் தூண்டுகிறோம். அவரது அறிவுக்கும் நேரத்துக்கும் நாம் கூலி கொடுத்தால், தேவையற்ற சாமான் மாற்ற அவருக்குக் காரணம் இராது.

கடன் சொல்வதாயின் வேலை தொடங்குமுன்பே சொல்லவேண்டும். சொன்ன திகதியில் கொடுக்கவேண்டும். வேலை பிழைத்தால் ஊர் முழுக்கச் சொல்லுமுன் அவரிடமே சென்று, “அதே குறை திரும்ப வந்திட்டுது, ஒருக்காப் பாருங்கோ” என்று கேட்கவேண்டும். அப்போது அவர் நடந்துகொள்ளும் விதமே அவரது உண்மையான சான்றிதழ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அவற்றுட் பல இன்னும் நம் மூட்டைகளைச் சுமக்கின்றன. ஒரு சிறு கொப்பியில் ஒயில் மாற்றிய திகதி, பிளக் மாற்றிய திகதி, செய்த வேலை, கொடுத்த கூலி ஆகியவற்றை எழுதி வருவோம். இன்னோர் ஊருக்குப் போக நேர்ந்தாலும் வண்டியின் வரலாறு நம்முடன் வரும். அங்குள்ள புதிய மெக்கானிக்கும் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.

செய்து பார்ப்போம்

1. உங்கள் வண்டியின் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். அது எதனைக் காட்டுகிறது?
2. காபரேற்றர்க் கிண்ணத்தின் பெற்றோலைப் போத்தலில் வடித்து, தண்ணீரோ துருவோ உண்டா எனப் பாருங்கள்.

கலந்துரையாடுவோம்

1. நமது குடியிருப்பில் எந்தக் கராஜை எல்லோரும் நாடுகின்றனர்? ஏன்?
2. கடந்த ஆண்டில் தேவையின்றி மாற்றிய சாமான் ஏதும் உண்டா? அறிகுறியைச் சரியாகச் சொல்லியிருந்தால் அதைத் தவிர்த்திருக்க முடியுமா?
3. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிளக் சாவி, ஸ்குறூ ட்றைவர், சைக்கிள் பம்ப் ஆகியவற்றைப் பொதுவாக வாங்கி வைத்தால், அவற்றை யார் பொறுப்பில் விடலாம்?